வளைவில்லா எழுத்து

மறைப்பு நாடா வளையாது.
தாலின் துறைமுகத்தில் கப்பல்களின் விலாவில்
பெயர் எழுதும் ராய்வோவுக்கு
அது தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.
நேராக ஒட்டு. முனையில் வெட்டு.
திருப்பி ஒட்டு. பெயின்ட் காய்ந்ததும் உரி.
அந்தச் சர்ரென்ற ஓசையில்தான்
இந்த எழுத்துரு பிறந்தது என்று நான் சொன்னால்
கெர்ட்டு சிரிப்பாள்:
"ஓசையில் இல்லை, சோம்பலில்."

கோப்லி போகும் டிராமில்
பயணச்சீட்டின் முதுகில் அவள் வரைந்த முதல் எழுத்து எல்.
நம் 'ட'வுக்கு உடன்பிறப்பு.
இரண்டு தடி, ஒரு மூலை, போதும்,
காலை நீட்டி உட்கார்ந்துவிட்டது.

ஓ முரண்டு பிடித்தது.
நான்கு மூலை கொடுத்தால் பெட்டி.
எட்டு கொடுத்தாள்.
"சாலையோரத்து 'நில்' பலகை" என்றான் ராய்வோ.
நின்றுதான் படிக்கட்டுமே.

தடித்த எழுத்தில் கறுப்பை வரைவதில்லை,
மிச்சமிருக்கும் வெள்ளையைத்தான் வரைகிறோம்
என்று காபி ஆறும்வரை விளக்கினாள்.
கிடைக்கோட்டை ஒரு நூல் மெலிய வை;
சமமாக வைத்தால் சமமாகத் தெரியாது.
நான் அடுத்த மேசையில்
கணக்கெழுதுகிறவன். தலையாட்டினேன்.

மூன்று வாரம் தின்றது எஸ்.
சும்மா முறித்தால் மின்னலாகிவிடும்,
இரண்டு மின்னல் அருகருகே நின்றால்
இந்த ஊருக்கு என்ன நினைவு வரும் என்று
யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.
அவர்கள் மொழியில் பூனைக்கே இரண்டு எஸ்.
பூனைக்காக அவள் முதுகைப் படுக்கவைத்தாள்,
தட்டையாக, அலமாரிப் பலகைபோல.
இனி எவனும் அதை
சட்டைக் காலரில் குத்திக்கொள்ள முடியாது.

கடைசியாக, தலையில் சிற்றலை சுமக்கும் அந்த இன்னோர் ஓ.
நம் குற்றியலுகரம்
இன்னும் கொஞ்சம் வாய் திறந்தால் வரும் ஒலி.
அலையை வளைக்காமல் எப்படி வரைவது?
மூன்று வெட்டு.
துரத்திவிட்ட மின்னல்
கூரை வழியாக இறங்கிவிட்டது.

மே மாதம் கிடங்கிலிருந்து அழைத்தார்கள்:
பீப்பாயில் எண்ணெய் என்று எழுதியிருக்கிறதா,
உயர் மின்னழுத்தம் என்றா?
ஆள்கள் தொட மறுக்கிறார்கள்.
அன்று மாலையே அலையைத் தணித்தாள்.
பழையதை அழிக்காமல்
'வேண்டாம்' என்ற கோப்புறையில் போட்டாள்.

அதன்பின் எழுத்துரு தன் காலில் நடந்தது.
நார்வாவின் ஹாக்கிச் சட்டைகளில்
மூன்றும் எட்டும் ஒருவழியாக வேறுவேறு ஆளாயின.
புரதப்பொடி டப்பா. மத்தி மீன் டப்பா.
விடியும்வரை அதிரும் ஒரு நிலவறையின் சுவரொட்டி,
அதன் மேலேயே
'சுவரொட்டி ஒட்டாதீர்' அறிவிப்பு, அதே எழுத்தில்.
ஒரு யோகா நிலையமும் கேட்டது;
"மூட்டு வலிக்குமே" என்றாள்,
ஆனாலும் விற்றாள்.

அக்டோபரில் மால்லே பெடர் வந்தார்.
கணவர் இருபது வருடம் கோல் காத்தவர்.
கல்லறைக் கல்லில் பெயர்,
முதுகில் இருந்த அதே எழுத்தில்.
கெர்ட்டு கத்தும் எழுத்து இது என்றாள்,
கல்லுக்கு மெல்லப் பேசும் வேறொன்று தருகிறேன் என்றாள்.
"அவர் மெல்லப் பேசியதே இல்லை" என்றார் மால்லே.
பிறகு கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்,
பழைய சட்டையின் துணித்துண்டு:
தணிப்பதற்கு முந்தைய அலை.
முதல் பருவத்தில் தைத்தது.
"இதுதான் வேண்டும். இந்தக் கோபமானது."

கருங்கல்லில் நேர்க்கோடு எளிது என்றார் சிற்பி,
எளிது என்பதற்காக விலையைக் குறைக்கவில்லை.

ஜனவரியில் மூவரும் போனோம்.
பனி எல்லாவற்றையும் நிரப்பியிருந்தது,
கறுப்பு வெள்ளையாகவும்
வெள்ளை கறுப்பாகவும் மாறி
பெயர் இன்னும் நன்றாகத்தான் தெரிந்தது.
கெர்ட்டு கையுறையால் மின்னலை மட்டும் தட்டினாள்.
ராய்வோ ஒற்றைக் கண் மூடிப் பார்த்தான்:
"ஆரின் கால் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது."
"நீ நிற்பது பனிக்கட்டி மேல்" என்றாள் கெர்ட்டு.